தேயிலைச் சரிவில் மூன்றாம் வகுப்பு: வாசகர் கேள்வி – பதில்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று இயற்கையைக் கற்பிப்பது குறித்து வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களே மிகுதி. ஒரே பொருளைப் பற்றியவற்றைச் சேர்த்து, எழுதியவர்களின் பெயர்களை விடுத்து, இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பாடவேளை, பள்ளிக்குக் கீழே உள்ள தேயிலைச் சரிவுக்கும் அதன் ஓரத்து ஓடைக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள். ஒவ்வொரு வாரமும் அதே இடம்தான். சீருடையெல்லாம் சேறு. நோட்டைப் பார்த்தால், “கொழுந்துக்குள் ஒரு புழு வீடு கட்டியிருக்கு. நான் திறந்ததும் கோபமாக நூல் விட்டது” என்று ஒரு வரி; கீழே ஒரு படம். பருவத் தேர்வு நெருங்கும் நேரத்தில் இது படிப்பா, பொழுதுபோக்கா? அழைத்துப் போவதென்றால் சிம்ஸ் பூங்காவுக்கோ ஊட்டித் தாவரவியல் பூங்காவுக்கோ போகக் கூடாதா?
– ஒரு தாய், குன்னூர்

பதில்: முதலில் அந்தப் புழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேயிலையின் நுனி இலைகள் இரண்டு மூன்றைத் தன் வாயிலிருந்து வரும் பட்டிழையால் ஒன்றோடொன்று ஒட்டி, அந்தக் கூட்டுக்குள் இருந்தபடியே இலையைத் தின்று வளரும் அந்துப்பூச்சியின் புழு அது. கூட்டைப் பிரித்தால் இத்தகைய புழுக்கள் பலவும் இழையைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கித் தப்பப் பார்க்கும். உங்கள் மகள் அதைக் கோபம் என்று எழுதியிருக்கிறாள். எட்டு வயதில் அப்படி எழுதினால் குறையொன்றுமில்லை. யாரும் காட்டாமல் தானே ஒன்றைக் கண்டுபிடித்து, அது எங்கே இருந்தது என்பதையும், தான் தொட்டபோது என்ன செய்தது என்பதையும் அந்த ஒரே வரியில் அவள் பதிந்துவிட்டாள். அறிவியல் பாடம் ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் எதை எதிர்பார்க்கிறதோ, அதன் தொடக்கம் அந்த வரியில் இருக்கிறது. அடுத்த வாரம் ஒரே செடியில் இப்படி ஒட்டிய கொழுந்துகள் எத்தனை, பக்கத்துச் செடியில் எத்தனை என்று எண்ணச் சொன்னால் அது கணக்குப் பாடமாகவும் ஆகிவிடும்.

ஒரே இடத்துக்கு ஏன் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பள்ளி செய்வதில் மிகச் சரியானது அதுதான் என்பது என் கருத்து. சிம்ஸ் பூங்கா 1874இலும் ஊட்டித் தாவரவியல் பூங்கா 1848இலும் உருவானவை. இரண்டும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கத் தக்க இடங்கள், ஐயமில்லை. ஆனால் அங்கே குழந்தை எதைப் பார்த்தாலும் அது புதிதாகவே இருக்கும். எல்லாமே புதிதாக இருக்கும் இடத்தில் எது மாறியது, எது மாறவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. கவாத்து வெட்டிய தேயிலை மொட்டைக் குச்சியாக நிற்பதையும், சில வாரங்களில் அதே குச்சியில் இளந்தளிர் வருவதையும், செப்டம்பர் வாக்கில் ஓடையோரக் கல்லின்மேல் சாம்பல் நிற வாலாட்டிக் குருவி வந்து வாலை ஆட்டத் தொடங்குவதையும், கோடை தொடங்கும்போது அது காணாமல் போவதையும், அதே சரிவுக்குத் திரும்பத் திரும்பப் போகிற பிள்ளையால் மட்டுமே கவனிக்க முடியும். வடக்கே இருந்து குளிர்காலத்துக்கு வலசை வரும் பறவை அது என்பதைப் பிறகு ஆசிரியர் சொல்லிக்கொள்ளலாம். முதலில் “அந்தக் குருவி எங்கே போயிற்று?” என்ற கேள்வி குழந்தையின் வாயிலிருந்து வர வேண்டும்.

உடல்நலத்தின் பக்கமும் ஒரு செய்தி உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பைக் கூடுதலாகச் சேர்த்து மூன்று ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. அப்படி வெளியே சென்ற பிள்ளைகளில் 30.4 விழுக்காட்டினருக்கும், வழக்கம்போல் படித்தவர்களில் 39.5 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வைக் குறை புதிதாக ஏற்பட்டிருந்தது. பகல் வெளிச்சம் கண்ணுக்குச் செய்யும் நன்மையைக் கைப்பேசிக் காலத்துப் பெற்றோர்கள் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

பள்ளியிடம் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டியது வேறொன்று. அந்தச் சரிவில் எந்த நாள் மருந்து அடிக்கிறார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியுமா, அதையொட்டி எத்தனை நாள் பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை என்று எஸ்டேட்டாரோடு பேசி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சேற்றைவிட அது முக்கியம். வீட்டுக்கு வந்ததும் “இன்று என்ன கற்றுக்கொண்டாய்?” என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்குப் பெரியவர்களாலேயே பதில் சொல்ல முடிவதில்லை. “போன வாரத்துக்கு இந்த வாரம் அங்கே என்ன மாறியிருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: உதகைக்கு அருகில் ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பணிபுரிகிறேன். ஐந்து வகுப்புகளுக்கும் இரண்டே ஆசிரியர்கள். வாகனம் இல்லை, தனி நிதியும் இல்லை. ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் ஒன்றாக வைத்துக்கொண்டு பள்ளியைச் சுற்றி என்ன செய்ய முடியும்? உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5ஆம் தேதி மரக்கன்று நடுவதைத் தவிர வேறெதுவும் எங்களுக்குத் தோன்றவில்லை.
– ஓர் ஆசிரியை

பதில்: ஐந்து வகுப்பும் ஒன்றாக இருப்பதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள், வெளியே போகும்போது அது வசதியாகவே அமையும். ஒரே பொருளை ஒன்றாம் வகுப்புக் குழந்தை எண்ணும், மூன்றாம் வகுப்புக் குழந்தை படம் வரைந்து பெயர் எழுதும், ஐந்தாம் வகுப்புக் குழந்தை அளந்து அட்டவணை போடும். சுற்றுச்சூழலை எல்லா நிலைகளிலும் பாடமாக வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே ஆணையிட்டது. அதற்காகத் தனி வண்டி பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் ஊரில் பள்ளி வாசலிலேயே கிடைக்கும் மூன்று பாடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது உறைபனி. நவம்பரில் நீர்ப்பனி விழத் தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் உறைபனியாக மாறுவது உங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்தரை வெள்ளையாகிக் கிடப்பதைப் படம் எடுக்கத்தான் வெளியூரார் வருகிறார்கள். ஆனால் பள்ளத்துக் காய்கறித் தோட்டம் வெளுத்துக் கிடக்கும் அதே காலையில், சற்று மேலே சரிவில் இருக்கும் செடிகளில் பனி குறைவாக இருப்பது ஏன் என்று அவர்களைக் கேளுங்கள். மேலே இருப்பதுதானே குளிரும் என்றுதான் முதலில் சொல்வார்கள். இரண்டு சாதாரண வெப்பமானிகளை, ஒன்றைப் பள்ளத்திலும் மற்றதைச் சரிவிலும், தரையிலிருந்து ஒரே உயரத்தில் குச்சியில் கட்டி வைத்து, பள்ளி திறந்ததும் அல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் பெரியவர் ஒருவரோடு விடியற்காலையிலேயே போய்ப் படித்து எழுதி வரச் செய்யுங்கள். மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. அதைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனம் கூடி, நீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. சில நாள் எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், மேகமூட்டம் இருந்த இரவில் இந்த வேறுபாடு சுருங்கிவிடுவதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். தேயிலையையும் காய்கறிப் பயிரையும் பெற்றோர்கள் எதற்காகக் காய்ந்த புல்லால் மூடுகிறார்கள் என்பதும் அப்போது விளங்கும்.

உறைபனியிலிருந்து சோலைக்கும் புல்வெளிக்கும் போகலாம். சோலைக்குள் மூடிய மரக்கூரை இருப்பதால் தரை அவ்வளவு எளிதில் வெப்பத்தை இழப்பதில்லை. திறந்த புல்வெளியில் முளைத்த சோலைக் கன்றோ உறைபனியில் கருகிவிடுகிறது. மேட்டில் புல்லும் மடிப்புகளில் மரமுமாக நம் மலை காலங்காலமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை ஜூன் 5ஆம் தேதி மரக்கன்றைக் கையில் வாங்கியதும், “இதை எங்கே நடப் போகிறோம்?” என்று கேட்கும், கேட்க வேண்டும். புல்வெளியை வெறும் தரிசு என்று எண்ணித்தான் 19ஆம் நூற்றாண்டிலிருந்து கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில்) மலையெங்கும் வைத்தார்கள். இன்று வனத்துறையே சீகையை அகற்றிப் புல்லை மீட்கப் பாடுபடுகிறது. வரையாடு மேய்வது புல்வெளியில்தான், காட்டுக்குள் அல்ல. நடுவதானால் பள்ளி வேலியோரத்தில் நாவல் போன்ற சோலை மரக்கன்றை நட்டு, அதற்குத் தண்ணீர் ஊற்றும் முறையைப் பிள்ளைகளுக்குள் பகிர்ந்து கொடுங்கள். நட்ட அன்று எடுத்த படத்தோடு மறந்துவிடும் விழாவில் எனக்கு மரியாதை இல்லை.

இரண்டாவது கல்பாசி. குழம்புக்கும் பிரியாணிக்கும் போடும் அந்தக் கரிய சருகு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கடை என்பார்கள். அதைப் போன்ற நரைத்த, பச்சை கலந்த, மஞ்சள் படிந்த திட்டுகள் உங்கள் பள்ளி மரத்திலும் மதில் கல்லிலும் நிறையவே ஒட்டியிருக்கும். பூஞ்சையும் பாசியும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தும் உயிர் அது: பாசி வெயிலைக் கொண்டு உணவு செய்கிறது, பூஞ்சை நீரைப் பிடித்து வைத்து இடம் தருகிறது. அதற்கு வேர் இல்லை. காற்றில் வருவதையே உறிஞ்சி வாழ்கிறது. ஆகவே வண்டிப் புகை படிந்த இடத்தில் அதன் பல வகைகள் பிழைப்பதில்லை. ஒரு சாண் உயரம், ஒரு சாண் அகலத்துக்கு நூலால் மரத்தில் சட்டம் கட்டி, அதற்குள் எத்தனை வகை, எவ்வளவு இடம் என்று குறிக்கச் சொல்லுங்கள். பேருந்து நிற்கும் இடத்தருகே உள்ள மரத்திலும் ஊருக்குள் தள்ளி இருக்கும் மரத்திலும் இதையே செய்து ஒப்பிடட்டும். இரண்டும் ஒரே வகை மரமாக இருக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லாதீர்கள். அவர்கள் வெவ்வேறு மரங்களில் எண்ணி வந்து, ஏன் எண்கள் ஒத்துவரவில்லை என்று சண்டையிடும்போது அந்தப் பாடம் தானாகவே வரும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: சுரண்டக் கூடாது. மிக மெதுவாக வளரும் உயிர் அது.

மூன்றாவதற்கு ஒரு குவளைத் தண்ணீர் போதும். மிதிபட்டு இறுகிய பாதையில் ஒரு குவளையும், சருகு மக்கிய மரத்தடியில் ஒரு குவளையும் ஊற்றி, தண்ணீர் மறையும் வரை பிள்ளைகள் வாய்விட்டு எண்ணட்டும். கோடையிலும் சோலையிலிருந்து ஓடை வற்றாமல் வருவதன் காரணத்தை, அதற்குப் பிறகு இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடலாம்.

ஊர்ப் பெரியவர்களை அழையுங்கள். கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கும் மாடு மேய்க்கும் தாத்தாவுக்கும் தெரிந்த செடிகளின் பெயர்கள் உங்களுக்கும் எனக்கும் தெரியாது. படுகு மொழியிலோ தோடர், கோத்தர் மொழியிலோ அவர்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் அதையே எழுதிக்கொள்ளட்டும். பாடநூல் பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் பகுதியில் யானை, சிறுத்தை, பாம்பு, மழைக்காலத்தில் அட்டை. இந்த நிலையில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வது பொறுப்பற்ற செயல் என்று நான் பள்ளிக் கூட்டத்தில் சொன்னேன். மற்றவர்கள் என்னைக் கோழை என்றார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு தந்தை, கூடலூர்

பதில்: நீங்கள் கோழை அல்லர். கூடலூரில் பிள்ளை வளர்ப்பவர் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதே பிள்ளைகள் நாள்தோறும் நடந்தே பள்ளிக்கு வருகிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். வழியில் பார்த்து நடக்கும் பழக்கத்தை வகுப்பறைச் சுவருக்குள் உட்கார வைத்துக் கற்பிக்க முடியாது.

காப்புக்காட்டுக்குள்ளோ புலிகள் காப்பகத்துக்குள்ளோ அனுமதியின்றி நுழைவது சட்டப்படியே குற்றம். தொடக்கப் பள்ளிக்கு அது தேவையும் இல்லை. பள்ளி வளாகம், அதையொட்டிய திறந்த மேடு, ஊர்ப் பொதுவெளி ஆகியவையே போதும். முதல்நாளும் புறப்படும் முன்பும் வனச்சரக அலுவலகத்திலோ எஸ்டேட் காவலரிடமோ யானை நடமாட்டத்தைக் கேட்டறிய வேண்டும். இருக்கிறது என்றால் அன்று போகக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை. வெயில் நன்றாக ஏறிய பிறகு புறப்பட்டு மாலைக்கு வெகு முன்பே திரும்பிவிட வேண்டும். கரடியும் சிறுத்தையும் தேயிலைக்குள் இறங்குவது பெரும்பாலும் அந்தி சாய்ந்த பிறகும் விடியற்காலையிலும்தான். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர்; இடையில் எந்தப் பிள்ளையும் புதருக்குள் தனியே ஒதுங்கக் கூடாது. காட்டெருமையைக் கண்டால் ஓடாமல், கூச்சலிடாமல், கூட்டமாகவே வந்த வழியில் பின்வாங்க வேண்டும். பொந்துக்குள்ளும் கல்லுக்கு அடியிலும் கை விடக் கூடாது. தெரிந்த பழமானாலும் பெரியவரிடம் காட்டாமல் வாயில் வைக்கக் கூடாது. மேலே மழை இருட்டினால் ஓடைப் பக்கமே போகக் கூடாது.

அட்டையைப் பற்றி அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. பிய்த்து இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தை வைத்துத் தள்ளினால் விட்டுவிடும். கடித்த இடத்தில் இரத்தம் உறையாதபடி அதன் உமிழ்நீர் தடுப்பதால் சிறிது நேரம் கசியும்; கழுவி, அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணிகளிடம்தான் கவனம் தேவை. புதர்ப் பக்கம் போய்வந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்து, உடம்பில் எங்கேனும் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த புண் தெரிந்தால், ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் அந்தப் புண்ணைக் காட்டுங்கள். அக்குள், இடுப்பு, காதின் பின்புறம் ஆகிய இடங்களை வீட்டுக்கு வந்ததும் பார்ப்பது நல்ல பழக்கம். பட்டால் அரித்து எரியும் செந்தட்டிச் செடியை எல்லாவற்றுக்கும் முன்னால் அடையாளம் காட்டிவிடுங்கள். ஒருமுறை பட்ட பிள்ளைக்கு இரண்டாம் முறை பாடம் தேவைப்படாது என்றாலும், பார்த்துத் தெரிந்துகொள்வது மேல்.

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் பேரன் வெளியே போய்வந்தால் சட்டைப்பை நிறைய இறகு, கூடு, முட்டை ஓடு, கல், காய் என்று கொண்டுவருகிறான். இதையெல்லாம் வீட்டில் வைத்திருக்கலாமா?
– ஒரு பாட்டி, கொடைக்கானல்

பதில்: கல்லும் காயும் உதிர்ந்த இலையும் இருக்கட்டும் அம்மா. பறவைக் கூட்டை எடுக்கவே கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ சிதைப்பதையும் கலைப்பதையும்கூட வேட்டை என்றே கணக்கில் கொள்கிறது. காலிக் கூடு போலத் தெரிவதில் மறுநாள் முட்டை இருக்கலாம். மயில் தானாக உதிர்த்த தோகையைச் சட்டம் அனுமதிக்கிறது. மற்ற இறகுகளைப் பார்த்து, வரைந்து, அங்கேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். சேர்த்து வைத்துப் பார்க்கும் ஆசை அவனுக்கு இருப்பதால், ஒரு விடுமுறை நாளில் செண்பகனூரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். இயேசு சபையினர் 1895இல் தொடங்கியது அது. ஒவ்வொரு மாதிரியின் பக்கத்திலும் பெயர்ச்சீட்டு இருப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். எங்கே, எப்போது என்று எழுதாத பொருள் வெறும் பொருளாகவே நின்றுவிடும் என்பதை அவனே உணர்ந்துகொள்வான்.

கேள்வி: குறிஞ்சி பூத்திருக்கிறது என்று ஆண்டுதோறும் யாராவது படம் அனுப்புகிறார்கள். என் மகளுக்கு உண்மையான குறிஞ்சியைக் காட்ட வேண்டும். எப்போது பூக்கும்?
– ஒரு வாசகர், பழனி

பதில்: பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் பெருவாரியாகப் பூத்தது. அடுத்தது 2030. இடையில் வரும் படங்கள் பெரும்பாலும் அதன் உறவுச் செடிகளுடையவை. குறிஞ்சி இனத்தில் பல வகைகள் உண்டு, அவற்றின் பூக்கும் காலமும் வேறு வேறு. ஆனால் 2030 வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. பூக்காத குறிஞ்சிச் செடி இப்போதே கொடைக்கானல் சரிவுகளில் நிற்கிறது: எதிரெதிராக அமைந்த, ஓரம் பல்பல்லான, நரம்பு ஆழமாகப் பதிந்த இலைகளோடு ஒரு குறுஞ்செடி. 2018இல் பூத்த செடிகள் விதை விட்டு மடிந்துவிட்டன. இப்போது நிற்பது அந்த விதையில் முளைத்த தலைமுறை. அதைக் காட்டி வையுங்கள். தெரிந்த செடி பூப்பதைப் பார்ப்பது வேறு, கூட்டத்தோடு போய் நீல நிறத்தைப் பார்ப்பது வேறு.

கேள்வி: அக்டோபர் முதல் எங்கள் ஊரில் மழை விடுவதில்லை. பள்ளியில் வெளிப்புற வகுப்பை நிறுத்திவிட்டார்கள். அந்த மாதங்களில் வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: மண் சரியும் அபாயம் இருக்கும்போது பள்ளி நிறுத்தியதே சரி. வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ ஒரு மழைமானி வையுங்கள். அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலம் உள்ள, நேர்ச்சுவர் பாத்திரமாக இருக்க வேண்டும். கழுத்து குறுகிய பாட்டில் உதவாது. கூரைத் தண்ணீர் சொட்டாத, மர நிழல் இல்லாத இடத்தில் வைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அளவுகோலால் அளந்து எழுதிவிட்டுக் கொட்டிவிடச் சொல்லுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் நாள் கணக்கை முடிக்கிறது என்பதால், மறுநாள் செய்தித்தாளில் வரும் கோத்தகிரி மழையளவோடு ஒப்பிடலாம். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். முற்றத்தின் நீள அகலத்தை அளந்துவிட்டால், அன்று எத்தனைக் குடம் தண்ணீர் விழுந்தது என்று நான்காம் வகுப்புப் பிள்ளையே கணக்கிட்டுவிடும்.

உங்கள் அளவும் செய்தித்தாள் அளவும் ஒத்திருக்காது. அதைத் தவறு என்று திருத்தாதீர்கள். இந்த மலையில் ஒரு வளைவுக்கு இப்பால் பெய்யும் மழை அப்பால் பெய்வதில்லை. முடிந்தால் அந்தக் கணக்கை அடுத்த ஜூலை வரை தொடரட்டும். தேவாலாவிலும் பந்தலூரிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது கோத்தகிரிக்கு அவ்வளவாகக் கிடைக்காது. மேற்கு விளிம்பில் ஏறும் ஈரக்காற்று தன் நீரை அங்கேயே இறக்கிவிடுகிறது. கூடலூர்ப் பக்கம் உறவினர் யாரேனும் இருந்தால், அந்த வீட்டுப் பிள்ளையையும் ஒரு பாத்திரம் வைக்கச் சொல்லி, இரண்டு நோட்டுகளையும் பொங்கல் விடுமுறையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்க்கச் செய்யுங்கள்.